உயிர்ப்புறாவிலிருந்து களிமண் தட்டுக்கு

சீறிப் பறக்கும் ஒரு சிறு தட்டை, அது தரையைத் தொடும் முன் ஷாட்கன்னால் சுட்டு உடைப்பதே களிமண் தட்டு சுடுதல். ஒலிம்பிக்கில் இது டிராப், ஸ்கீட் என்ற இரு பிரிவுகளாக நடக்கிறது. தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 105 கிராம். பெயரில் களிமண் இருந்தாலும் இன்றைய தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் சூட்டில் கலந்து அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். ரைபிள், பிஸ்டல் போட்டிகளில் பெரும்பாலும் இலக்கு அசையாது நிற்கும். சுடுபவர் தன் உடலை அசையாமல் நிறுத்தப் பழகுவார். ஷாட்கன் போட்டியில் இலக்கு ஓடுகிறது. துப்பாக்கிக் குழலும் அதைத் துரத்தி, சற்று முந்தி, அதே வேகத்தில் ஓடிக்கொண்டே சுட வேண்டும். பறவை வேட்டைக்காரரின் பழக்கம் இது. உயிருள்ள பறவை ஒலிம்பிக் களத்திலிருந்து விலகி நூறாண்டுகளுக்கு மேல் ஆகியும் அதன் பறத்தலை ஒட்டியே இன்றைய விதிகள் அமைந்திருக்கின்றன.

இதன் தொடக்கம் 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில். கூண்டில் அடைத்துக் கொண்டுவந்த புறாக்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுச் சுடும் போட்டி அங்கே அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு 1793ஆம் ஆண்டுப் பத்திரிகைக் குறிப்பு உண்டு. லண்டனுக்கு மேற்கே ஈலிங்கில், அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் இருந்த 'ஓல்ட் ஹாட்ஸ்' என்ற மதுக்கடை இதற்குப் பேர்போன இடம். தரையில் குழி தோண்டி, அதில் புறாவை வைத்து, மேலே ஒரு பழைய தொப்பியைக் கவிழ்த்துவிடுவார்கள். தொப்பியில் கட்டிய கயிற்றைத் தூரத்திலிருந்து ஒருவர் இழுப்பார். வெளிச்சம் பட்ட புறா எழும்பும், துப்பாக்கி வெடிக்கும்.

பிற்பாடு தொப்பிக்குப் பதில் மடக்குப் பெட்டிகள் வந்தன. ஐந்து பெட்டிகளை ஒரே வரிசையில் இடைவெளி விட்டு வைத்தார்கள். எந்தப் பெட்டி திறக்கும் என்பது சுடுபவருக்குத் தெரியாது. இரட்டைக் குழல் துப்பாக்கியால் இரண்டு முறை சுடலாம். புறா குறிப்பிட்ட எல்லைக்குள் விழுந்தால்தான் கணக்கு. முன்கூட்டித் தெரியாத திசை, இரண்டாவது குண்டுக்கு இடம் என்ற இவ்விரண்டும் ஒலிம்பிக் டிராப்பில் இன்றும் இருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மதுக்கடை முற்றத்தை விட்டு இந்த ஆட்டம் செல்வர்களின் புல்வெளிக்கு ஏறியது. லண்டனின் ஃபுல்ஹாமில் 1869இல் ஹர்லிங்ஹாம் கிளப் தொடங்கப்பட்டதே புறா சுடுவதற்காகத்தான். அதன் சின்னத்தில் புறா இன்னும் இருக்கிறது. மான்டி கார்லோவில் 1872 முதல் கேசினோவின் பெயரில் பெரும்பரிசுப் போட்டி நடந்தது. பந்தயப் பணம் பெருகப் பெருகத் துப்பாக்கித் தொழிலும் வளர்ந்தது. குழலின் வாய்ப்பகுதியைச் சற்றே ஒடுக்கினால் தோட்டாவிலுள்ள ரவைகள் சிதறாமல் அதிக தூரம் கூட்டமாகப் போகும் என்ற நுட்பம் பரவியது இந்தக் காலத்தில்தான். ஆனால் எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. கூண்டுப் பறவை தப்பிக்கவும் முடியாமல், உணவுக்கென்றும் இல்லாமல் பந்தயத்துக்காகச் சாவதை வேட்டைக்காரர்களிலேயே பலர் ஏற்கவில்லை. ஹர்லிங்ஹாம் 1905இல் புறா சுடுவதை நிறுத்தியது. பிரிட்டன் 1921இல் சட்டமே இயற்றிக் கூண்டுப் பறவைச் சுடுதலைத் தடை செய்தது.

அமெரிக்காவில் இந்தக் கதைக்கு இன்னொரு பரிமாணம் உண்டு. ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் 1831லேயே ஒரு கிளப் புறா சுடும் போட்டிகளை நடத்தியதாகப் பதிவு இருக்கிறது. அங்கே இலக்கானது பயணிப் புறா. கோடிக்கணக்கில் கூட்டமாகப் பறந்து வானத்தையே மறைத்த பறவை அது. கூட்டமாக முட்டையிடும் இடங்களுக்குப் போய் வலைவீசிப் பிடித்து, ரயிலில் ஏற்றிப் போட்டிக் களங்களுக்கு அனுப்பினார்கள். 1881இல் நியூயார்க்கின் கோனி தீவில் நடந்த ஒரே போட்டித் தொடருக்குச் சுமார் 20,000 பயணிப் புறாக்கள் கொண்டுவரப்பட்டன. விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் இதைக் கடுமையாக எதிர்த்துப் போராடினார். காடழிப்பும் இறைச்சி வணிகமுமே அந்தப் பறவையின் அழிவுக்குப் பெருங்காரணங்கள் என்றாலும், போட்டிக் களங்களுக்கும் அதில் பங்குண்டு. கடைசிப் பயணிப் புறாவான 'மார்த்தா' 1914 செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தது. இறந்த இடம் சின்சினாட்டி உயிரியல் பூங்கா. களிமண் தட்டு பிறந்த ஊரும் அதே சின்சினாட்டிதான்.

தட்டுக்கு முன்னால் கண்ணாடி உருண்டை வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த சார்லஸ் போர்ட்லாக் 1866 வாக்கில் அதை அறிமுகப்படுத்தினார். எலுமிச்சை அளவிலான, உள்ளீடற்ற கண்ணாடி உருண்டையை ஒரு விசைக் கை மேலே வீசும். சில உருண்டைகளுக்குள் இறகுகளை அடைத்தார்கள். உடையும்போது இறகுகள் காற்றில் சிதற, பறவை அடிபட்டது போலவே பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் வழவழப்பான கண்ணாடியில் ரவைகள் பல நேரம் வழுக்கிப் போயின. விசையும் உருண்டையைச் சோம்பலாக நேரே மேலே தூக்கியது.

இந்த இரண்டு குறைகளையும் தீர்த்தவர் ஆடம் போகார்டஸ். இல்லினாய் மாநிலத்தில் சந்தைக்காகப் பறவை வேட்டையாடி வாழ்ந்த இவர் புறா சுடுவதில் அமெரிக்காவின் முதல்வராக விளங்கியவர். 1877இல் அவர் காப்புரிமை பெற்ற எறிகருவி உருண்டையை வளைந்த பாதையில் தூரமாக வீசியது. அவருடைய உருண்டையின் மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக வரிகள் ஓடின. ரவை அதில் வழுக்காமல் கடித்துப் பிடித்தது. 1878 ஜனவரியில் நியூயார்க்கில் 500 நிமிடங்களுக்குள் 5,000 உருண்டைகளை உடைப்பதாகச் சவால் விட்டு, நேரம் மீதமிருக்க அதை முடித்தார். பஃபலோ பில்லின் 'வைல்ட் வெஸ்ட்' காட்சியிலும் அவர் சுட்டுக் காட்டினார். ஆயினும் கண்ணாடிக்கு ஒரு தீராத குறை இருந்தது: போட்டி நடந்த வயல் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அங்கே மாடு மேய முடியாது, ஏர் ஓட்ட முடியாது. மேலும், உருண்டையை எப்படி வீசினாலும் பறவை போலச் சறுக்கி மிதக்காது.

சின்சினாட்டிக்காரரான ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880இல் இதற்கு விடை கண்டார். சிறுவர்கள் தண்ணீரின் மேல் சிப்பியோட்டைத் தட்டையாக வீசித் தத்தவிடுவதைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். கவிழ்த்த கிண்ணம் போன்ற களிமண் தட்டைச் செய்து, அதைச் சுழற்றி வீசும் கருவியையும் உருவாக்கினார். சுழற்சி அதை நிலைப்படுத்தியது. தட்டை வடிவம் காற்றில் மிதக்க வைத்தது. தரையை ஒட்டிக் கிளம்பும் காடை, கௌதாரியின் பாய்ச்சல் முதன்முறையாக ஒரு செய்பொருளுக்குக் கிடைத்தது.

சூளையில் சுட்ட முதல் தட்டுகள் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தன. ரவை பட்டு மணி போல ஒலி எழுந்தும் தட்டு உடையாமல் பறந்த நிகழ்வுகள் ஏராளம். அடிபட்டதா இல்லையா என்று நடுவரும் போட்டியாளரும் வாதாட வேண்டியிருந்தது. ஆகவே சுட்ட களிமண்ணைக் கைவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியைக் கீலில் குழைக்கும் முறைக்குச் சில ஆண்டுகளிலேயே மாறினார்கள். இந்தக் கலவையின் சிறப்பு, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகளை அது நிறைவேற்றியதுதான். எறிகருவியின் கை சுண்டி வீசும் அதிர்ச்சியைத் தட்டின் விளிம்பு தாங்க வேண்டும். அதே தட்டு ஓரிரு ரவை பட்டதும் நொறுங்கவும் வேண்டும். அதற்காகவே விளிம்பைத் தடித்த வளையமாகவும் நடுவை மெல்லிய கூரையாகவும் வார்த்தார்கள். அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

புதிய தட்டை மக்களிடம் சேர்க்க லிகோவ்ஸ்கியின் நிறுவனம் 1883இல் போகார்டஸையும் அவருடைய பரம எதிரியான 'டாக்' கார்வரையும் ஊர் ஊராக அழைத்துச் சென்று 25 போட்டிகள் நடத்தியது. பெரும்பாலானவற்றில் கார்வர் வென்றார். 1885இல் நியூ ஆர்லியன்ஸில் களிமண் தட்டுக்கான தேசியப் போட்டி நடந்தது. பரவலுக்கு இரக்கம் மட்டும் காரணமன்று. தட்டு மலிவு என்பதும் பெரிய காரணம். புறாவைப் பிடிக்க, தீனி போட, ஏற்றி அனுப்பச் செலவு அதிகம்; ஒரு பெட்டித் தட்டைக் கொட்டகையில் அடுக்கி வைத்தால் போதும். குமாஸ்தாவும் விவசாயியும் கலந்துகொள்ளக்கூடிய விளையாட்டாக இது அப்போதுதான் ஆனது. உயிர்ப்புறாவை வைத்து 1893இல் தொடங்கிய 'கிராண்ட் அமெரிக்கன்' போட்டி 1900இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் முதன்முறையாகக் களிமண் தட்டிலும் நடந்தது. உயிர்ப்புறாப் பிரிவு சில ஆண்டுகளில் மறைந்தது; தட்டுப் போட்டி இன்றும் தொடர்கிறது.

அமெரிக்க டிராப் தனிப்பாணி கொண்டது. களத்தின் முன்னே ஒரே ஒரு இயந்திரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே தட்டை வீசும். சுடுபவர் 16 கஜம் பின்னால் நிற்பார். ஒரு தட்டுக்கு ஒரே குண்டு. திறமை மிகுந்தவரை 27 கஜம் வரை பின்னுக்குத் தள்ளி நிறுத்தும் சமன்முறையும் உண்டு. ஐரோப்பா இதைப் பின்பற்றாமல் ஐந்து பெட்டிகளின் மரபை ஒட்டித் தன் வழியில் போனது. உலகப் போட்டிகளில் நிலைத்தது ஐரோப்பிய வழிதான்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பழையதும் புதியதும் அருகருகே நின்றன. உயிர்ப்புறாப் போட்டியில் பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் 21 புறாக்களை வீழ்த்தி முதலிடம் பெற்றார். ஏறத்தாழ 300 பறவைகள் அதில் இறந்தன. ஒலிம்பிக் வரலாற்றில் உயிர்களைக் கொன்றதற்குப் பரிசு தந்த அந்தப் போட்டி பிறகு நடக்கவேயில்லை. பல வரலாற்றாசிரியர்கள் அதை முறையான ஒலிம்பிக் போட்டியாகக் கணக்கிடுவதும் இல்லை. அதே விழாவில் களிமண் தட்டுப் போட்டியும் நடந்தது. பிரான்சின் ரோஜர் டி பார்பரேன் 20க்கு 17 தட்டுகளை உடைத்து வென்றார். 1908இல் லண்டனில் கனடாவின் வால்டர் யூயிங், 1912இல் ஸ்டாக்ஹோமில் அமெரிக்காவின் ஜேம்ஸ் கிரஹாம், 1920இல் ஆன்ட்வெர்ப்பில் அமெரிக்காவின் மார்க் ஆரி எனத் தங்கம் கைமாறியது. 1924இல் பாரிஸில் ஹங்கேரியின் ஜூலா ஹலசியும் ஃபின்லாந்தின் கொன்ராட் ஹூபரும் 100க்கு 98 என்று சமமாக நிற்க, கூடுதல் சுற்றில் ஹலசி வென்றார்.

அதன்பின் 28 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் டிராப் இல்லை. 1928இல் துப்பாக்கி சுடுதலே நடக்கவில்லை. 1932, 1936, 1948 விழாக்களில் ரைபிளும் பிஸ்டலும் மட்டுமே இடம்பெற்றன. ஆனால் விளையாட்டு தளர்ந்துவிடவில்லை. 1929இல் ஸ்டாக்ஹோமில் முதல் டிராப் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஹங்கேரியின் மருத்துவர் சாண்டோர் லும்னிட்செர் அதில் வென்று, 1933இலும் 1939இலும் மீண்டும் பட்டம் பெற்றார். போலந்தின் யூசெஃப் கிஷ்குர்னோ 1931இலும் 1936இலும் வென்றார். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் காலம் வெற்றிடமாகத் தெரியும். நடு ஐரோப்பாவின் வேட்டைப் பண்பாடு இந்த விளையாட்டைக் கட்டிக் காத்தது இந்த ஆண்டுகளில்தான்.

இன்றைய ஒலிம்பிக் டிராப் களம் அந்த ஐரோப்பிய மரபின் முதிர்ந்த வடிவம். தரைமட்டத்துக்குக் கீழே நீண்ட பள்ளம். அதன் கூரை தரையோடு சமம். உள்ளே 15 இயந்திரங்கள், மும்மூன்றாக ஐந்து குழுக்கள். பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால் ஐந்து நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் நேரெதிரே ஒரு குழு. அதில் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் ஒன்று ஏறத்தாழ நேராகவும் வீசும். பக்கவாட்டுக் கோணம் 45 பாகை வரை போகலாம். சுடுபவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டு குரல் கொடுப்பார். முன்னால் உள்ள ஒலிவாங்கி அந்தக் குரலைக் கேட்ட கணத்தில் மூன்றில் ஒன்று இயங்கும். தட்டு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் 76 மீட்டர் தூரத்தை இலக்காக வைத்துப் பாயும். முதல் குண்டு தவறினால் இரண்டாவதற்கு வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்குள் தட்டு வெகுதூரம் போயிருக்கும். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்த நிலைக்கு நகர வேண்டும். எந்த இயந்திரம் எப்போது என்பது சுடுபவருக்குத் தெரியாது. ஆனால் 25 தட்டுகள் கொண்ட ஒரு சுற்று முடியும்போது ஒவ்வொருவருக்கும் 10 இடம், 10 வலம், 5 நேர் என்று ஒரே அளவில் கிடைத்திருக்கும். புறாக் காலத்தில் சோம்பேறிப் பறவை வாய்த்தவர் ஜெயித்துவிடலாம். அந்த அதிர்ஷ்டக் கணக்கை ஒழித்தது இந்தப் பங்கீட்டு முறை. ஒரு வேட்டை விளையாட்டைத் தடகளப் போட்டிக்கு நிகரான நேர்மைக்குக் கொண்டுவந்த வேலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கீட்டின் பிறப்பு இதிலிருந்து முற்றிலும் வேறானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் நாய் வளர்ப்புப் பண்ணை வைத்திருந்த சார்லஸ் டேவிஸ் காட்டுக்கோழி வேட்டையில் தேர்ந்தவர். வேட்டைப் பருவம் இல்லாத மாதங்களிலும் கை பழக வேண்டும் என்பதற்காக 1915 வாக்கில் அவரும் அவருடைய மகனும் வில்லியம் ஹார்ன்டன் ஃபாஸ்டர் என்ற இளைஞரும் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். 25 கஜ ஆரத்தில் ஒரு வட்டம். அதன் மேல் கடிகார முகம் போலப் பன்னிரண்டு நிலைகள். பன்னிரண்டு மணி இடத்தில் ஓர் இயந்திரம். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு முறை சுட்டால் 24 தோட்டா தீரும். பெட்டியில் 25 இருக்குமே! மீந்த ஒன்றை வட்டத்தின் நடுவில் நின்று, தலைக்கு நேரே வரும் தட்டைச் சுட்டுத் தீர்த்தார்கள்.

1923இல் பக்கத்து நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை தொடங்கினார். வட்டம் முழுதும் சுற்றிச் சுட்டால் ரவைகள் கோழிகளின் மேல் விழும். எனவே வட்டத்தை அரைவட்டமாக வெட்டி, மறுமுனையில் இரண்டாவது இயந்திரத்தை வைத்தார்கள். ஒன்று உயரத்திலிருந்தும் மற்றது தாழ்விலிருந்தும் எதிரெதிராக வீச, முழு வட்டத்தின் எல்லாக் கோணங்களும் அரைவட்டத்திலேயே கிடைத்தன. ஒரு கோழிப்பண்ணை அந்தக் களத்துக்குக் கொடுத்த வடிவம் இன்றும் மாறவில்லை. பத்திரிகையாளராகிவிட்ட ஃபாஸ்டர் 1926இல் இதை நாடெங்கும் அறிவித்து, பெயர் சூட்டுவோருக்கு 100 டாலர் பரிசும் வைத்தார். மொன்டானாவைச் சேர்ந்த கெர்ட்ரூட் ஹர்ல்பட் அனுப்பிய 'ஸ்கீட்' என்ற பெயர் தேர்வானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை, பறக்கும் இலக்கை முந்திச் சுடும் பழக்கத்தைத் தன் விமானத் துப்பாக்கி வீரர்களுக்குக் கற்பிக்க ஸ்கீட் களங்களைப் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் அந்த வீரர்கள் வழியாக விளையாட்டும் பரவியது.

சர்வதேச ஸ்கீட் அமெரிக்க வடிவத்தைவிடக் கடினமானது. எட்டு நிலைகள். தட்டின் வேகம் கூடுதல். குரல் கொடுத்தபின் மூன்று வினாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் தட்டு வெளிப்படலாம். அதுவரை துப்பாக்கிக் கட்டையை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்திருக்க வேண்டும். சட்டையில் ஒட்டிய பட்டை அந்த உயரத்தைக் காட்டும். புதரில் பறவை எப்போது எழும் என்று தெரியாமல் நடக்கும் வேட்டைக்காரரின் நிலை இதில் அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1968இல் மெக்சிகோவில் ஸ்கீட் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது மூவர் 200க்கு 198 என்று சமமாக நின்றார்கள்; கூடுதல் சுற்றில் 25க்கு 25 உடைத்து சோவியத்தின் யெவ்கேனி பெட்ரோவ் தங்கம் பெற்றார்.

டிராப் அதற்கு முன்பே, 1952இல் ஹெல்சின்கியில் ஒலிம்பிக்குக்குத் திரும்பியிருந்தது. கனடாவின் 17 வயது ஜார்ஜ் ஜெனெரோ 192 தட்டுகளை உடைத்து, ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் ஸ்வீடன் வீரரை முந்தினார். அதன்பின் இத்தாலியின் காலம். கல்லியானோ ரோசினி 1956இல், என்னியோ மத்தரெல்லி 1964இல், ஆஞ்சலோ ஸ்கால்சோனே 1972இல், லூசியானோ ஜோவன்னெட்டி 1980, 1984 இரண்டிலும் தங்கம் வென்றார்கள். இது தனிமனிதத் திறமை மட்டுமன்று. வட இத்தாலியின் பிரெஷியா பகுதியில் துப்பாக்கித் தொழில் பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது. பெரெட்டா குடும்பத்தின் குழல் விற்பனைக் கணக்கு 1526 வரை பின்னோக்கிப் போகிறது. 1957இல் தொடங்கிய பெராட்சி நிறுவனம் மத்தரெல்லியின் யோசனைகளைக் கேட்டுத் துப்பாக்கி வடித்தது. அதைக் கொண்டே அவர் டோக்கியோவில் வென்றார். பிறகு மத்தரெல்லி பெயரிலேயே தட்டு எறியும் இயந்திரங்களும் வந்தன. சுடுபவரும் துப்பாக்கி செய்பவரும் சேர்ந்து உழைத்தது இத்தாலியின் பலம்.

இத்தாலியர் ஆதிக்கத்துக்கு இடையே ஒரு பிரிட்டிஷ் வெற்றியும் குறிப்பிடத்தக்கது. லங்காஷயர் கால்நடை மருத்துவரான பாப் பிரெய்த்வெய்ட் 1968இல் முதல் 13 தட்டுகளுக்குள் இரண்டைத் தவறவிட்டார். மீதி 187ஐயும் தொடர்ச்சியாக உடைத்து 198 புள்ளிகளுடன் தங்கம் பெற்றார். தொடக்கத்திலேயே தடுமாறியவர் மனம் கலையாமல் இரண்டு நாள் அப்படிச் சுடுவது எவ்வளவு அரிது என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பெண்களின் வரலாறு இந்த விளையாட்டில் பெருமையும் வேதனையும் கலந்தது. ஓஹையோவில் 1860இல் பிறந்த ஆனி ஓக்லி காட்சி மேடைகளில் உலகப் புகழ் பெற்றவர்; 1922இல், 60 வயதைக் கடந்த நிலையில், 16 கஜத்திலிருந்து தொடர்ச்சியாக 100 தட்டுகளை உடைத்தார். ஒலிம்பிக் டிராப்பில் போட்டியிட்ட முதல் பெண் கனடாவின் சூசன் நாட்ரஸ், 1976இல். அப்போது ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சுட்டார்கள். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் ஸ்கீட்டில் 200க்கு 200 உடைத்து, இறுதியில் 225க்கு 223 என்று ஆண்கள் எல்லாரையும் வென்றார். வெள்ளி வென்ற பெருவின் ஹுவான் கிஹாவும் வெண்கலம் வென்ற இத்தாலியின் புரூனோ ரொசெட்டியும் மேடையில் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது. பெண்களுக்குத் தனி ஸ்கீட்டும் வைக்கப்படவில்லை. தங்கம் வென்றவர் தன் பட்டத்தைக் காக்கக்கூடக் களமிறங்க முடியவில்லை. இது நிர்வாகம் செய்த அநீதி. வேறு எந்தச் சொல்லும் இதற்குப் பொருந்தாது. 2000இல் சிட்னியில் பெண்களுக்கான டிராப்பும் ஸ்கீட்டும் வந்தன. பெண்கள் 75 தட்டுகளோடு நிறுத்தப்பட்ட நிலை மாறி, ஆண்களுக்கு நிகராக 125 தட்டுகள் சுடும் விதி 2018இல்தான் அமலானது. அமெரிக்காவின் கிம் ரோட் 1996 முதல் 2016 வரை ஆறு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தனிநபர் பதக்கம் பெற்றவர்.

இந்தியாவில் இந்த விளையாட்டு அரண்மனை வழியாக நுழைந்தது. பிகானீர் சமஸ்தானத்தின் கஜ்னேர் ஏரிக்கரையில் நடந்த கல்கௌதாரி வேட்டை பிரிட்டிஷ் காலத்தில் பெயர் பெற்றது. அந்த மரபில் வந்த மகாராஜா கர்ணி சிங், வேட்டையிலிருந்து களிமண் தட்டுக்கு மாறி 1960 ரோம் முதல் 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 1962இல் கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். டெல்லி துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய சுடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. பட்டியாலாவின் ரந்தீர் சிங் 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் டிராப் தங்கம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. பிறகு ராணுவத்திலிருந்து ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வந்தார். 2004 ஏதென்ஸில் டபுள் டிராப்பில் 179 புள்ளிகளுடன் வெள்ளி வென்று, சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் வெள்ளியைப் பெற்றுத் தந்தார். 2006இல் மானவ்ஜித் சிங் சந்து டிராப் உலக சாம்பியன் ஆனார். அரச குடும்பம், ராணுவம், வசதியான நிலவுடைமைக் குடும்பம் என்று வீரர்களின் பின்னணி அமைந்ததற்குச் செலவே காரணம். தினமும் நூற்றுக்கணக்கில் தோட்டாவும் தட்டும் தீரும் பயிற்சி இது.

தமிழ்நாட்டின் பங்கும் இந்த வரிசையில் உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் டிராப்பில் இந்தியாவின் சார்பில் சுட்டார். அதே ஒலிம்பிக்கில் ஸ்கீட் கலப்பு அணிப் பிரிவில் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நரூக்காவும் சீனாவிடம் 43-44 என ஒரே தட்டில் வெண்கலத்தை இழந்தார்கள்.

ராத்தோர் வென்ற டபுள் டிராப் இன்று ஒலிம்பிக்கில் இல்லை. இரண்டு தட்டுகளை ஒரே நேரத்தில் வீசும் இந்தப் பிரிவு 1996இல் சேர்ந்து 2016உடன் விலக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் சமமாக இடம்பெறும் கலப்பு அணிப் போட்டி அதன் இடத்தைப் பிடித்தது. சிறிய நாடுகளுக்கு இந்த விளையாட்டு தரும் வாய்ப்பு இங்கே கவனிக்கத்தக்கது. ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2004இல் ஷேக் அகமது அல் மக்தூம் வென்ற டபுள் டிராப் தங்கம். சான் மரினோவின் முதல் பதக்கம் டோக்கியோவில் அலெசாண்ட்ரா பெரில்லி வென்ற டிராப் வெண்கலம். குவாத்தமாலாவின் முதல் தங்கம் 2024இல் அட்ரியானா ருவானோ டிராப்பில் வென்றது. பார்சிலோனாவில் ஜாங் ஷானைத் தூக்கிய புரூனோ ரொசெட்டியின் மகன் காப்ரியேல் ரொசெட்டி 2016இல் ஸ்கீட் தங்கமும், 2024இல் டயானா பகோசியுடன் கலப்பு அணித் தங்கமும் பெற்றார்.

தொலைக்காட்சியும் விதிகளை மாற்றியது. முன்பு தகுதிச் சுற்றுப் புள்ளிகளோடு இறுதிச் சுற்றுப் புள்ளிகளையும் கூட்டுவார்கள். 2013 முதல் இறுதிக்கு வந்தவர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். பின்னர் ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றும் முறை வந்தது. சாதாரணத் தட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டாவது சிதறினால்தான் கணக்கு. வெறும் தூசி எழும்பினால் கிடையாது. தூரத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. அதனால் இறுதிப் போட்டியில் வண்ணப்பொடி நிரப்பிய தட்டுகளை வீசுகிறார்கள். அடிபட்டதும் வானில் வண்ணப்புகை மலரும். கண்ணாடி உருண்டைக்குள் இறகு அடைத்ததன் நோக்கமும் இதுவே.

இந்த விளையாட்டின் முன்னுள்ள பெரிய சிக்கல் மண்ணைப் பற்றியது. ரவை ஈயத்தால் ஆனது. ஒரு தோட்டாவில் 32 கிராம் இருந்த அளவைப் படிப்படியாகக் குறைத்து 24 கிராமாக்கினார்கள். அப்படியும், தட்டுக்கு ஒரு தோட்டா என்று வைத்தாலே 125 தட்டுகளுக்கு ஒருவர் 3 கிலோ ஈயம் கொட்டுகிறார். நீர்நிலைகளை ஒட்டிய களங்களில் வாத்துகள் ரவைகளைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறி இறந்தன. கனெக்டிகட் கடற்கரையில் ரெமிங்டன் நிறுவனத்தின் சுடுகளம் 1986இல் மூடப்பட்டது. சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த லிங்கன் பார்க் கிளப் 1991இல் மூடப்பட்டது. தட்டின் கீலிலும் நஞ்சு உண்டு. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கீல் கலந்த துண்டுகளைத் தின்று பன்றிகள் இறந்ததைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது நச்சுக் குறைந்த பிசின் தட்டுகள் தயாராகின்றன.

டென்மார்க் 1996இல் ஈய ரவையை அனேகமாக முற்றிலும் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களிலும் அவற்றின் அருகிலும் ஈய ரவைக்குத் தடை உண்டு. மாற்றான எஃகு ரவை எடை குறைந்தது, சீக்கிரம் வேகமிழப்பது, பழைய குழல்களைக் கீறக்கூடியது. டிராப்பின் இரண்டாவது குண்டு போகும் தூரத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். உலகத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதி ஈயம், ஈயக் கலவை, அல்லது சம்மேளனம் ஏற்கும் வேறு பொருள் என மூன்றுக்கும் இடம் தருகிறது.